அலரிக் குடும்பத்து உறவுகள்

பலெர்மோ நகரத்து மேல்மாடங்களில், சாடிகளில் வளரும் ‘பொமேலியா’வை நாம் நாள்தோறும் காண்கின்றோம். குளிர்காலம் வந்ததும் இந்நகரத்துப் பாட்டிமார் அதன் கிளை நுனிகளில் வெற்று முட்டைக்கோதுகளைக் கவிழ்த்து வைப்பர். குருத்துக் குளிரிற் கருகாதிருத்தற்கே இவ்வேற்பாடு. எம் பிள்ளைகள் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. ஆயின், அது நாம் ஊரிற் கோயில் வீதியிற் பொறுக்கிய ஈழத்தலரிப் பூவே!

பெயரில் ஈழம் இருப்பினும் அதன் தாயகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவுமாம். செவ்வலரியோ மத்தியதரைக்கடல் நாடுகளுக்கும் உரியது. சிசிலியின் வறண்ட ஆற்றுப்படுகைகளில் தானாகவே வளர்கின்றது. நமதென்று நாம் எண்ணியது கடல்கடந்து வந்தது. நம் செவ்வலரி இங்கும் மண்ணுக்குரியது.

இவ்விரண்டையும் தாவரவியலார் ‘அப்போசைனேசியே’ என்னும் அலரிக் குடும்பத்துள் அடக்குவர். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, மஞ்சளலரி என்பனவும் இதனைச் சேர்ந்தவையே. கிள்ளினாற் பால் வடிதலும், மொட்டில் ஐந்து இதழ்களும் முறுக்குண்டிருத்தலும், ஒரு பூவிலிருந்து பெரும்பாலும் இரட்டைக் காய்கள் தோன்றுதலும் இதன் அடையாளங்கள்.

1795இல் திறக்கப்பட்ட பலெர்மோத் தாவரவியற் பூங்காவின் மிகப் பழைய பகுதி, லின்னேயசின் முறைப்படி அமைந்தது. அவர் மகரந்தக் கேசரங்களை எண்ணி வகுத்தார். ஐந்து கேசரம் உடைமையால் அலரியும் கோப்பியும் தக்காளியும் அவரிடத்து ஒரே வகுப்பில் அமர்ந்தன! 1789இல் பிரான்சிய அறிஞர் யூசியூ பல பண்புகளையும் ஒருங்கே நோக்கி இக்குடும்பத்தை வகுத்தார். எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது, பொதிகளாகத் திரண்டு, பூச்சிகளின் காலிற் கொளுவிச் செல்லும். இதுகண்ட இராபர்ட் பிரவுன் 1810இல் எருக்கினத்தைத் தனிக் குடும்பமாக்கினார். அப்பிரிவு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நிலைத்தது. பின்னர் மரபணு ஆய்வு, எருக்கு அலரிக் குடும்பத்தின் உள்ளிருந்தே கிளைத்ததென்று காட்டவே, இரண்டும் மீண்டும் ஒன்றாயின. நன்னாரியும் இதனுள் வந்தது. இன்று இதில் ஏறத்தாழ 5,000 இனங்கள் உள. கோப்பியின் குடும்பம் இதனோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றது. தக்காளியோ வேறு வரிசைக்குரியது.

நித்தியகல்யாணியிலிருந்து குருதிப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கின்றனர். ஆயினும் செவ்வலரியும் மஞ்சளலரியும் இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சுடையன. இவற்றின் பூவையோ விதையையோ சிறுவர் வாயில் வைத்தலாகாது. பால் கையிற்பட்டால் உடனே கழுவுதல் வேண்டும். எருக்கம்பால் கண்ணிற் படவே கூடாது.