வீட்டிலிருந்தே குழந்தைகள் ஊட்டச்சத்துப் படிப்பு... யாருக்கு, எதற்கு, எது வரை?

"காலையில கட்டிக்கொடுத்த லெமன் சாதம் அப்படியே திரும்பி வருது. இவளுக்கு என்னதான் கொடுக்கிறது?"

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களிடம் இந்தப் பேச்சு ஓயவே ஓயாது. ஒருவர் மாதுளை ஜூஸ் கொடுக்கச் சொல்வார். இன்னொருவர் ஏதோ ஒரு டப்பா பவுடரின் பெயரைச் சொல்வார். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், 'ரெண்டே நாளில் சைல்டு நியூட்ரிஷனிஸ்ட் ஆகலாம், சர்ட்டிஃபிகேட் உண்டு' என்று விளம்பரம் வந்து நிற்கும். 'பேசாம நாமே படிச்சுட்டா என்ன?' என்று உங்களுக்கும் ஒரு நாள் தோன்றியிருக்கும்.

தாராளமாகப் படிக்கலாம். ஆனால், எதற்காகப் படிக்கப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் தட்டைச் சரிசெய்யவா, இல்லை, மற்றவர்களின் பிள்ளைகளுக்கு டயட் சார்ட் எழுதிக்கொடுத்துச் சம்பாதிக்கவா?

இரண்டாவதுதான் நோக்கம் என்றால், வீட்டிலிருந்து படிக்கும் வழி இப்போது கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. மருத்துவம் சார்ந்த இணைத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸ் படிப்புகளும் அதற்குள் வருகின்றன. அதையொட்டி, 2025 ஜூலை - ஆகஸ்ட் கல்விப் பருவத்திலிருந்து இந்தப் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி அறிவித்துவிட்டது. கடுமையான முடிவுதான். வேலையையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு படிக்க நினைத்த பெண்களுக்கு இதில் வருத்தம் இருக்கும். ஆனால், டைப் 1 சர்க்கரை நோய் உள்ள 9 வயதுப் பிள்ளைக்கு எத்தனை இட்லி கொடுக்கலாம் என்பது இன்சுலின் அளவோடு சேர்ந்த கணக்கு. அதை மருத்துவமனையில் நோயாளிகளோடு இருந்துதான் கற்றுக்கொள்ள முடியும். ரெண்டு நாள் சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம். அடுத்தவர் பிள்ளைக்கு டயட் எழுத அது உரிமை தராது. பணம் கட்டும் முன், அந்தப் பல்கலைக்கழகத்தின் நடப்பு அறிவிப்பையும் யு.ஜி.சி-யின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, நம் வீட்டுத் தட்டுக்கு வருவோம். வீட்டுப் படிப்புக்குப் பெரிய பலன் இருப்பது இங்கேதான்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

ஊட்டச்சத்து வகுப்புகளில் ஆரம்பத்திலேயே வரும் பயிற்சி ஒன்று உண்டு. நேற்று காலை எழுந்ததிலிருந்து தூங்கும் வரை பிள்ளை என்னென்ன சாப்பிட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதுவது. கொடுத்ததை எழுதக் கூடாது, உள்ளே போனதை எழுத வேண்டும். டிபன் பாக்ஸில் மிச்சம் வந்த கேரட் பொரியல் கணக்கில் வராது. ட்யூஷன் போகும் வழியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கட்டாயம் வரும்.

14 வயது மகள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் காபியோடு மூன்று இட்லி, சட்னி. மதியம் லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி தோசை. வயிறு நிறைந்திருக்கிறது, பார்க்கவும் குறையில்லை. இப்போது இரும்புச்சத்தை மட்டும் கூட்டிப்பாருங்கள். பாலிஷ் செய்த அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. நாள் முழுக்க 250 கிராம் அரிசி போயிருந்தாலும் 2 மி.கி தாண்டாது. இட்லி, தோசை மாவில் இருக்கும் உளுந்து இன்னும் 2 மி.கி தரும். சட்னி, உருளை, பிஸ்கட் எல்லாம் சேர்த்தாலும் 10-ஐத் தொடுவதே கஷ்டம். அந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020 பரிந்துரை சொல்வது 30 மி.கி. அதே வயதுப் பையனுக்கு 22.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 - 19 வயதுப் பெண்களில் 59.1 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பையன்களில் 31.1 சதவிகிதம். "எப்பப் பாரு டயர்டா இருக்கு, படிக்கவே உட்கார மாட்டேங்கிறா" என்று நாம் திட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை இந்தக் கணக்கில் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் மாதுளையும் பீட்ரூட்டும் மாட்டிக்கொள்கின்றன. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று பாட்டி காலத்திலிருந்து நம்புகிறோம். உணவுப் பட்டியலைப் புரட்டினால், இரண்டிலுமே 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவுதான். கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை மி.கி-க்கு மேல் இருக்கிறது. கேழ்வரகில் கால்சியமும் 364 மி.கி. கீரை, பருப்பில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதில் உறிஞ்சாது, வைட்டமின் சி துணை வேண்டும். அதனால் கீரைக் கூட்டில் கடைசியாக எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் பாதி கொய்யாப்பழம் கொடுங்கள். காபி, டீ அந்த உறிஞ்சுதலைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிப்போகட்டும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் ஈரலும் மீனும் வேலையைச் சுலபமாக்கும்.

இவ்வளவு செய்தும் 30-ஐ எட்டுவது கடினம். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அதனால்தான். "வயித்தைப் புரட்டுது" என்று பிள்ளைகள் அதைத் தூக்கிப்போடுவதும் நடக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்காமல் சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

எங்கே படிப்பது?

நம் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு நம்ம குன்னூர்தான் பிறந்த வீடு. 1918-ல் அங்கிருக்கும் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 2024-ல் அது வெளியிட்ட 'இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி' 17 தலைப்புகளில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மேலே சொன்ன கணக்கெல்லாம் போட, அதே நிறுவனத்தின் 2017 உணவுச்சத்துப் பட்டியல் போதும். 528 உணவுகள் அதில் இருக்கின்றன.

கைக்குழந்தை உள்ள வீடென்றால், மும்பை ஐ.ஐ.டி-யின் 'ஹெல்த் ஸ்போக்கன் டுடோரியல்' வீடியோக்களில் தொடங்குங்கள். தமிழிலும் உண்டு, இலவசம். தாய்ப்பால் புகட்டும் நிலையிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகான திட உணவு வரை பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு, குழந்தைக்குச் செரிக்காது என்று பயந்து பருப்புத் தண்ணீரும் கஞ்சித் தண்ணீருமாகக் கொடுப்பது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் குழைவாக, கெட்டியாக இருந்தால்தான் அந்தச் சின்ன வயிற்றுக்குள் சத்து போகும்.

ஆங்கிலம் பிரச்னையில்லை என்றால், கோர்ஸெராவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாயா ஆடம் நடத்தும் 'சைல்டு நியூட்ரிஷன் அண்டு குக்கிங்' சுவாரஸ்யமாக இருக்கும். சமையல் அவர்கள் ஊர்ச் சமையல். பாடத்தை எடுத்துக்கொண்டு ரெசிப்பியை விட்டுவிடலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் படிப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இக்னோ கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் படிப்பு என்றால் 480 மணி நேரம். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். உண்மையான படிப்பு எவ்வளவு நேரம் கேட்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

படித்ததைப் பிள்ளை மேல் இறக்காதீர்கள்

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும், பார்ப்பதையெல்லாம் அளப்பது. எனக்கும் வந்தது. ஒரு மாதம் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதெல்லாம் மில்லிகிராம்தான். "அம்மா, சாப்பிட விடு" என்று மகள் தட்டோடு எழுந்து போனபோதுதான் உறைத்தது. வளரிளம் பிள்ளைகளிடம் கலோரிக் கணக்கு பேசுவதும், "குண்டாயிட்ட" "ஒல்லிக்குச்சி" என்பதும் சாப்பாட்டோடு அவர்களுக்கு இருக்கும் உறவையே கெடுத்துவிடும். கணக்கு நோட்டில் இருக்கட்டும், தட்டில் கீரை இருக்கட்டும்.

அந்த நோட்டிலேயே உயரம், எடையையும் குறித்துவாருங்கள். 5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடம், 5 முதல் 18 வரை இந்தியக் குழந்தைகள் மருத்துவச் சங்கத்தின் 2015 வரைபடம். ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாலும் தெரியாது. உங்கள் பிள்ளையின் கோடு அதன் பாதையிலேயே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோடு கீழே இறங்கினாலோ, தொடங்கிய மாதவிடாய் சில மாதங்களாக வராமல் போனாலோ, அதிகமாக உதிரம் போனாலோ, பிள்ளை ரகசியமாகப் பச்சரிசி, சாக்பீஸ், விபூதி என்று தின்றாலோ, அதற்கு மேல் வீடியோ பார்க்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு எழுதிய அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "என்ன சாப்பிடுறா?" என்று அவர் கேட்கும்போது, "எல்லாம் நல்லாத்தான் சாப்பிடுவா டாக்டர்" என்று சொல்லவேண்டியிருக்காது.