பற்றாசு உருகும் சூடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் கொலுசுப் பட்டறை என்பது பல இடங்களில் வீட்டின் ஓர் அறைதான். அங்கே வெள்ளிக் கம்பி இழுப்பதைச் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். இழுக்க இழுக்க வெள்ளி விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் இழுத்தால் அறுந்துவிடும். அந்தக் கட்டம் வந்ததைக் கை சொல்லிவிடும். உடனே கம்பியை நெருப்பில் காட்டுவார்கள். மங்கலாகச் சிவந்ததும் எடுத்தால் பழையபடி வளைந்துகொடுக்கும்.

காரணம் 1934-ல்தான் புலப்பட்டது. டெய்லர், ஓரோவான், போலானி என்ற மூன்று அறிவியலாளர்கள் தனித்தனியே கண்டுசொன்னார்கள்: உலோகத்தின் அணு வரிசைகளில் பிசகுகள் இருக்கின்றன, அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. இழுக்கும்போது பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, வெள்ளி இறுகுகிறது. சூடு அந்தச் சிக்கலை அவிழ்க்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது பற்றாசு, அதாவது உலோகத்தை உலோகத்தோடு ஒட்டவைக்கும் கலவை. வளையம் வளையமாகக் கோத்த கொலுசை ஒட்டவைக்க வேண்டும். கொலுசு உருகிவிடக் கூடாது. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் வெள்ளி 72 பங்கும் செம்பு 28 பங்கும் சேர்ந்தால் 780 டிகிரியிலேயே உருகிவிடும். கூட்டுப்பொருள் தன் இரண்டு மூலப்பொருள்களையும்விட முந்தி இளகுகிறது! வெங்காரம் தடவிய இணைப்பில் பற்றாசு பளிச்சென்று ஓடும் அந்தக் கணத்தில் நெருப்பை விலக்க வேண்டும். வெப்பமானி கிடையாது, கண்தான்.

அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் உலோகப் பணிகளை நடத்திய சிரில் ஸ்டான்லி ஸ்மித், பின்னாளில் கலைப்பொருள்களை ஆராயத் தொடங்கினார். பொருள்களின் குணங்களை மனிதர் பெரும்பாலும் முதலில் அறிந்தது ஆயுதத்துக்காக அல்ல, அழகுக்காகவே என்று வாதிட்டார். செம்பைக்கூட முதலில் மணியாகவும் நகையாகவும்தான் தட்டினார்கள். கொலுசுப் பட்டறையைப் பார்த்தவருக்கு அதை நம்புவது எளிது.

அறிவியலுக்கும் பட்டறைக்கும் இடையே கடன் இருபக்கமும் இருக்கிறது. பற்றாசு இன்னும் எளிதில் உருகட்டும் என்று காட்மியம் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகையிலும் பற்றாசிலும் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் தடை விதித்தது. நம் பட்டறைகளில் வேலை நடக்கும் அறையிலேயே குழந்தைகளும் இருப்பார்கள். சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. காட்மியம் இல்லாத பற்றாசைப் பட்டறைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தயாரிக்க, அந்த மாணவர்கள் கொலுசுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.