அவசரச் சரக்கு லாரியும் அதில் உறங்குவோரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ‘அவசரச் சரக்கு’ என்று ஒரு தனி வர்த்தகம் நடைபெற்று வருகிறது. டெட்ராய்ட் பிரதேசத்து மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் ஒரு சிறு உறுப்பு தீர்ந்துபோனால் போதும், வேலை வரிசை முழுதும் நின்றுவிடும். கிடங்கில் சரக்கைக் குவித்து வைப்பது வீண் செலவென்று கருதி, வேண்டும்போது வேண்டிய அளவே தருவித்துக்கொள்ளும் முறையை ஜப்பானிய டொயோட்டா கம்பெனியாரிடமிருந்து கற்றுக்கொண்ட முதலாளிகள், அம்முறை தவறும் நாளில் அவசர லாரிக்காரரையே நம்பி நிற்கின்றனர். இன்று மாலை மெக்ஸிகோ எல்லையிலுள்ள லாரேடோவில் ஏற்றிய பெட்டி, நாளை மறுநாள் காலையில் டெட்ராய்ட்டில் இறங்கியாக வேண்டும். தூரம் சுமார் 1,600 மைல்.

இத்தொழிலுக்கு எத்தகைய லாரியை வாங்குவது, அதன் முதுகில் எத்தகைய படுக்கையறையை அமைப்பது என்பதே இங்கு விஷயம். அமெரிக்காக்காரனுடைய கட்டிலைப் பற்றி நமக்கென்ன விசாரம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். உழைப்பவனுடைய உறக்கத்தைச் சட்டமும் முதலும் சேர்ந்து அங்குலக் கணக்கில் அளந்து வைத்திருக்கும் இடம் இதைப்போல் வேறொன்று அரிது. ஆதலின் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது வீண்போகாது.

முதலில் சட்டம். சரக்கு லாரி ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்ந்திருந்த பின்னரே வேலை தொடங்கலாம். தொடங்கிய 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரத்துக்குமேல் ஓட்டலாகாது. ஒருவர் மட்டும் ஓட்டினால் நாளொன்றுக்கு 600 மைலைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆகவே இருவர், பெரும்பாலும் கணவனும் மனைவியும், முறைவைத்து ஓட்டுகின்றனர். ஒருவர் சக்கரத்தைப் பிடித்திருக்க, மற்றவர் ஓடும் வண்டியிலேயே பின்னால் படுத்திருப்பார். அந்த நேரத்தைச் சட்டம் ஓய்வாகக் கணக்கிடுகிறது. 2020-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி, அந்த 10 மணியை 7 என்றும் 3 என்றும் பிரித்துக்கொள்ளவும் இடமுண்டு.

படுக்கை எப்படியிருக்க வேண்டுமென்றும் சட்டம் சொல்லாமலில்லை. நீளம் 75 அங்குலம், அகலம் 24, மெத்தைக்கு மேல் உயரம் 24. திடீரென்று வண்டி நின்றால் உறங்குபவர் தூக்கியெறியப்படாதபடி 6,000 ராத்தல் விசையைத் தாங்கும் தடுப்பும் இருக்கவேண்டும். பிந்திய ஷரத்து மிகவும் போற்றத்தக்கது. முந்தியதைப் பற்றி அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இரண்டடி அகலத்தில் புரண்டு படுக்க முடியுமா? சட்டம் குறிப்பது குறைந்தபட்ச அளவு. அந்த அளவைப் பார்த்தே லாரி வாங்குவோர் பின்னர் வருந்துவது திண்ணம்.

இனி வண்டிகள். கைமுதல் குறைந்தோர் சிறிய வேனில் தொடங்குகின்றனர். 10,001 ராத்தலுக்குக் குறைந்த தகுதியுடைய வேனுக்கு, அபாயகரமான சரக்கு ஏற்றினாலன்றி, மத்திய சர்க்காரின் வேலை நேர விதி பொருந்தாது. இதைச் சுதந்திரமென்று புகழ்வோர் உண்டு. சரக்கறையின் மூலையில் மெத்தை விரித்துக் கிடக்கும் மனிதனுக்கு ‘போதும், உறங்கு’ என்று சொல்லச் சட்டமும் இல்லாமற் போயிற்று என்பதே நமது அபிப்பிராயம்.

இத்தொழிலின் நடுநாயகமாக விளங்குவது சரக்குப் பெட்டி அடிச்சட்டத்தோடு பிணைந்திருக்கும் ஒற்றை லாரி. இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. ராஜ்யங்கள் பலவற்றில் இவ்வகை லாரியின் மொத்த நீளம் 40 அடிக்கு மேற்படலாகாது. முன்பாகத்துக்கு 10 அடியும் படுக்கையறைக்கு 8 அடியும் போனால் சரக்கிற்கு 22 அடி மிஞ்சும். படுக்கையறையை இரண்டடி நீட்டினால் சரக்கறை இரண்டடி குறுகும். சரக்கு அடுக்கும் பலகையோ பெரும்பாலும் நான்கடி நீளம். நிறையிலும் இதே கதை. இரண்டு அச்சுள்ள லாரியின் மொத்த நிறை வழக்கமாக 33,000 ராத்தலோடு நின்றுவிடும். குளிக்கும் அறை, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி, தனி மின்சார யந்திரம் என்று ஏற்றுவதெல்லாம் கூலி தரும் சரக்கின் பங்கைத் தின்கின்றன. வாங்குமுன் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். விற்பவர் சொல்லும் நிறை போதாது. மூன்றாவது அச்சைச் சேர்த்து 33,000-ஐத் தாண்டினாலோ, புதுவண்டி விலையில் 12 சதவிகிதம் விசேஷ வரி. அவ்வரி 1917-ல் யுத்தச் செலவுக்கென்று தோன்றியது. யுத்தம் முடிந்தது, வரியோ இன்றும் இருக்கிறது!

இழுவை லாரியும் தனித் தொடர்வண்டியும் கொண்டால் 80,000 ராத்தல் வரை போகலாம். படுக்கையறை நீண்டாலும் சரக்கறை குறையாது. ஆனால் இரண்டு மூன்று பெட்டிகளுக்காக 53 அடி வண்டியை ஓட்டுவது பல அவசர வேலைகளுக்கு ஒத்துவராது.

குளியலறையும் அடுப்பும் ஆடம்பரமென்று சிலர் நகைக்கலாம். அது சரியன்று. இத்தொழிலில் அடுத்த சரக்கு எப்போது வருமென்ற நிச்சயமில்லை. சாலையோர நிறுத்தத்தில் ஒருநாள் இரண்டுநாள் காத்துக் கிடப்பது சகஜம். எனினும் பணம் ஒன்றுக்கே போதுமானால், காற்றுத் துருத்தியின்மேல் மிதக்கும் பின் அச்சுக்கும், நல்ல மெத்தைக்கும், பெரிய எஞ்சினை ஓட்டாமலே அறையைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வல்ல தனிச் சாதனத்துக்கும் முதலிடம் தருவோம். நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு முக்கால் காலனுக்குமேல் எண்ணெய் குடிக்கும். காலிபோர்னியாவிலோ 5 நிமிஷத்திற்குமேல் அப்படி ஓடவிடுவதே பொதுவாகக் குற்றம்.

மேற்சொன்ன யாவற்றுக்கும் பணம் தருபவர் யார்? பெரும்பாலும் ஓட்டுபவரே. அவரைக் கம்பெனியார் ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ என்றழைக்கின்றனர். லாரியின் கடன் அவருடையது, பழுதும் அவருடையது. தொழிலாளருக்கு அதிக நேர ஊதியம் வகுத்த 1938-ம் வருஷத்துச் சட்டமோ, சம்பளத்துக்கு ஓட்டும் நெடுந்தூர டிரைவர்களையே அதிலிருந்து விலக்கி வைத்தது. விதியை மீறும்படி டிரைவரை எவரும் நிர்ப்பந்திக்கலாகாது என்று 2016 முதல் ஒரு விதி அமலில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மாதத் தவணை நிர்ப்பந்தித்தால் யார்மீது வழக்குத் தொடுப்பது? ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் மின்கருவி 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் கட்டாயமாயிற்று. அது சக்கரம் சுழன்ற நேரத்தை அறியும். பின்னால் படுத்திருந்தவர் கண்மூடினாரா என்பதை அறியாது.

ஆகவே, இருவராகத் தொடங்குவோர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், வேறொருவருக்குச் சொந்தமான லாரியில் ஆறு மாதம் ஓட்டிப் பார்ப்பது உத்தமம். அதற்கு வகையில்லாவிடில், வாங்கப்போகும் லாரியை ஓரிரவு கேட்டு வாங்கி, பழுதுபட்ட சாலையில் ஒருவர் ஓட்ட மற்றவர் படுத்துப் பார்க்கட்டும். பின்பு இடம் மாறட்டும். இருவரில் ஒருவருக்கேனும் விடியும்வரை உறக்கம் வராவிட்டால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.