பக்கத்து சீட் யாருக்கு?

க்வான்டம் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறவர், எந்த க்யூபிட்டும் எதனோடும் பேசும் என்று நினைத்து ஜாலியாக எழுதிவிடுகிறார். அவஸ்தை, அதைச் சிப்புக்கு ஏற்ப மாற்றும் கம்பைலருக்கு!

ஐ.பி.எம். 2021-ல் அறிமுகப்படுத்திய 'ஈகிள்' சிப்பில் 127 க்யூபிட்கள். ஒன்றுக்கு அதிகபட்சம் மூன்றே பக்கத்து வீட்டுக்காரர்கள். தூரத்து ஆசாமியோடு பேசணும்னா சீட் மாறி மாறிப் போகணும். ஒரு மாற்றலுக்கு மூன்று 'சி-நாட்' செயல்கள். ஒவ்வொன்றிலும் பிழை நுழையும். மாற்றல் பெருகினால் விடை குப்பை.

ஆகவே, அடிக்கடி பேசுகிறவர்களை முதலிலேயே அருகருகே உட்கார வைக்கணும். (கல்யாணப் பந்தியில் சம்பந்திகளுக்கு இலை போட்டவர்களுக்கு இது புரியும்.) 2019-ல் வந்த 'சேபர்' முறையில் ஒரு சாமர்த்தியம்: குத்துமதிப்பாக உட்கார வைத்துக் கடைசிவரை ஓட்டிப் பார், முடிந்த இடத்திலிருந்து அப்படியே பின்னோக்கி ஓட்டு. திரும்பி வந்ததும் யார் எங்கே இருக்கிறார்களோ, அதுதான் நிஜ ஆட்டத்துக்கு ஆரம்ப சீட்! இத்தனையும் செய்வது நம்ம சாதாரண கம்ப்யூட்டர்தான்.