தாளில் ஓடும் ரயில் பலகையில் ஓடுமா?

மாதிரி ரயில் அமைப்பது அமெரிக்காவில் பெரியவர்களுக்கும் பிடித்த பொழுதுபோக்கு. புதிதாகத் தொடங்குவோர் பலர் 8 அடி நீளம், 4 அடி அகலமுள்ள ஒரு பிளைவுட் பலகையில்தான் தண்டவாளம் போடுகிறார்கள். ‘எச்.ஓ.’ என்னும் அளவு அங்கே பெரிதும் வழங்குகிறது. இதில் எஞ்சினும் பெட்டிகளும் உண்மை அளவில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மி.மீ.

இப்பலகையில் 8 என்ற எண்ணின் வடிவில் ஒரு பாதை அமைப்போம். நடுவில் ஒரு பாதை மற்றொன்றைப் பாலத்தின்மேல் கடக்கட்டும். தாளில் இதை அரை நிமிடத்தில் வரைந்துவிடலாம். ஆனால் பென்சில் கோட்டுக்கு உயரம் ஏது? கணக்குப் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

வளைவின் ஆரம் 46 செ.மீ., இரு வளைய மையங்களுக்கும் இடைத்தூரம் 132 செ.மீ. என்று கொள்வோம். பாலத்தின் மேலிருந்து புறப்பட்டு ஒரு வளையத்தைச் சுற்றிப் பாலத்தின் அடிக்கு வர ஏறக்குறைய 309 செ.மீ. ஆகிறது. கீழே செல்லும் வண்டி இடிக்காமலிருக்க 7.5 செ.மீ. உயரம் வேண்டும். பாலத்தின் தடிப்பு 1 செ.மீ. ஆக, 309-க்கு 8.5, அதாவது சுமார் 36-க்கு 1 சரிவு. மும்பை–புணே வழியிலுள்ள போர் காட் மலைப்பாதையின் சரிவு 37-க்கு 1! அங்கே ரயிலைப் பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்கள் சேர்ப்பது வழக்கம்.

இத்துடன் முடியவில்லை. சரிவு திடீரென்று தொடங்கினால் பெட்டிகளின் இணைப்பு கழன்றுவிடும். பாலத்தருகே மெல்ல மெல்லச் சாய்வதற்காக 60 செ.மீ. ஒதுக்கினால், எஞ்சிய தூரத்தில் சரிவு 29-க்கு 1 ஆகிவிடுகிறது. வளைவின் உராய்வு வேறு. நிலையம் கட்டச் சமதளமே இல்லை! பாலத்தைக் கைவிட்டு, இரு பாதைகளும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளுமாறு திட்டத்தை மாற்றுவதே மேல். இரண்டு ரயில்கள் ஓடினால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு வேடிக்கைதானே!

இனி, ரயில் திசை மாறிவர இரு வளையங்களின் மேல் விளிம்புகளையும் நேராக இணைத்து ஒரு கிளைப்பாதை வரைகிறோம். இங்கே மின்சாரம் குறுக்கிடுகிறது. சாதாரண நேர்மின்னோட்ட முறையில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. ஒன்றைச் சிவப்பாலும் மற்றதை நீலத்தாலும் வரைந்துகொண்டே போங்கள். கிளையின் மறுமுனையில் சிவப்பு நீலத்தைச் சந்திக்கும். பலகையில் அதுவே ஷார்ட் சர்க்யூட்!

கிளையின் இரு முனைகளிலும் தண்டவாளங்களைத் துண்டித்து, திசைமாற்றும் சுவிட்ச் வழியாகத் தனி இணைப்புத் தந்தால் இது தீரும். துண்டித்த பகுதிக்குள் முழு ரயிலும் அடங்க வேண்டும். கிளையின் நீளம் 132 செ.மீ.; பாதை பிரியும் பாயிண்ட் ஒவ்வொன்றும் சுமார் 23 செ.மீ. விழுங்கிவிடும். மிச்சம் 86 செ.மீ. எஞ்சினுக்கு 20 செ.மீ. போனால், 15 செ.மீ. நீளமுள்ள சரக்குப் பெட்டிகள் நான்குக்கு மட்டுமே இடமுண்டு. ஐந்தாவது பெட்டியை வாங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.