வேட்டையாளர் கல்வி (ஐக்கிய அமெரிக்கா)

வேட்டையாளர் கல்வி என்பது ஐக்கிய அமெரிக்காவில் புதிதாக வேட்டைக்குச் செல்வோருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும், துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையையும் வேட்டைச் சட்டங்களையும் வேட்டை அறத்தையும் கற்பிக்கும் பயிற்சி ஆகும். மாநிலங்களின் வனவுயிர்த் துறைகள் இதனை நடத்துகின்றன. பயிற்றுநர்களுள் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் ஆவர். பெரும்பாலான மாநிலங்களில் இப்பயிற்சிச் சான்றிதழ் இன்றி வேட்டை உரிமம் பெற இயலாது. எனினும் தகுதி பெற்ற பெரியவர் ஒருவர் உடனிருந்தால், சில மாநிலங்கள் தற்காலிக விலக்கு அளிக்கின்றன.

வரலாறு

இளம் வேட்டையாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சியைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் நியூயோர்க் ஆகும் (1949). பின்னர் பிற மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான தீர்வையை வனவுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937இல் இயற்றப்பட்டது. 1970இல் செய்யப்பட்ட திருத்தம், கைத்துப்பாக்கித் தீர்வையில் ஒரு பகுதியை வேட்டையாளர் கல்விக்கும் செலவிட வழி செய்தது.

அடிப்படை விதிகள்

பயிற்சியின் மையமாக நான்கு விதிகள் அமைகின்றன:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும்.
2. குழலின் வாய் எப்பொழுதும் பாதுகாப்பான திசையையே நோக்கியிருக்க வேண்டும்.
3. சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடக்கூடாது.
4. இலக்கு எது, அதற்கு அப்பால் இருப்பது எது என உறுதி செய்யாமல் சுடக்கூடாது.

இவ்விதிகள் ஒன்றுக்கொன்று காப்பாக அமைந்தவை. ஒரு விதி தவறினும், குழலின் வாய் பாதுகாப்பான திசையில் இருந்தால் உயிரிழப்பு பெரும்பாலும் தவிர்க்கப்படும். துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழ் ஓர் இயந்திர உறுப்பே, அது பழுதடையக்கூடும். ஆகவே அதனை மட்டும் நம்பக்கூடாது என மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

நான்காவது விதியின் தேவையை 1988இல் மேய்ன் மாநிலத்தில் நிகழ்ந்த இறப்பு ஒன்று உணர்த்தியது. தன் வீட்டின் பின்புறம் நின்றிருந்த இளந்தாய் ஒருவரை, மான் என எண்ணி வேட்டையாளர் ஒருவர் சுட்டார். அவர் மீதான வழக்கில் குற்றம் நிறுவப்படவில்லை. இந்நிகழ்வு எழுப்பிய விவாதத்தைத் தொடர்ந்து, இலக்கை உறுதி செய்த பின்னரே சுட வேண்டும் என்பதை அம்மாநிலம் சட்டமாக்கியது.

களப் பயிற்சி

வேலியைக் கடக்குமுன் தோட்டாக்களை அகற்றுதல், மரத்தின் மேல் அமைந்த பரணுக்கு வெற்றுத் துப்பாக்கியைக் கயிற்றால் ஏற்றுதல், குழுவாகச் செல்லும்போது ஒவ்வொருவரும் சுடத்தக்க எல்லையை முன்கூட்டியே வகுத்தல் முதலியன செய்முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. சிறிய .22 தோட்டாவும் ஒரு மைலுக்கு (1.6 கி.மீ.) மேல் செல்லக்கூடியது என்பதால், குன்றின் உச்சியில் வானத்தின் பின்னணியில் தெரியும் விலங்கைச் சுடுதல் தவறாகும்.

தோட்டாவைச் சரியாகத் தெரிவு செய்வதும் முக்கியமானது. ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கிகளுள் 12 கேஜ் வகையில், அதனினும் சிறிய 20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக இட்டால், அது குழலினுள் சென்று சிக்கிக்கொள்ளும். அதை அறியாமல் மற்றொரு தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் செய்யப்படுகின்றன.

பல மாநிலங்களில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடுவோர் ஒளிர் செம்மஞ்சள் நிற ஆடை அணிதல் கட்டாயம் ஆகும். மான்களின் கண்ணில் இருவகைக் கூம்புக் கலங்களே உள்ளதால் அந்நிறம் அவற்றுக்கு எடுப்பாகத் தெரிவதில்லை. மனிதருக்கோ தொலைவிலிருந்தே தெரியும்.

வயதும் சான்றிதழும்

தகுதி வயது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். டெக்சாசில் 9 வயது முதல் சான்றிதழ் பெறலாம். ஒரு மாநிலம் வழங்கும் சான்றிதழைப் பிற மாநிலங்களும் பொதுவாக ஏற்கின்றன. பாடங்களை இணையவழிக் கற்கும் வசதி தற்போது பரவலாக உள்ளது.

பள்ளிகளில்

சில பள்ளிகளிலும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. 2022இல் இயற்றப்பட்ட துப்பாக்கி வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவினால் இவ்வகுப்புகளுக்கான கூட்டரசு நிதி தடைப்படும் நிலை ஏற்பட்டது. 2023 அக்டோபரில் நிறைவேறிய திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கியது.