ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் லாட்விய மொழி

சுவீடனில் வாழும் லாட்வியர்கள் என்றாலே பேச்சு கூலியில்தான் போய் நிற்கிறது. 2004 மே மாதம் லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, சுவீடன் தன் வேலைச் சந்தையைத் தடையில்லாமல் திறந்துவிட்டது. அந்த ஆண்டே வாக்ஸ்ஹோம் ஊரில் பள்ளிக் கட்டடம் கட்ட வந்த லாட்வியத் தொழிலாளர்களின் கூலி ஒப்பந்தத்தை முன்வைத்துத் தொழிற்சங்கங்கள் வேலையை மறித்தன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2007 டிசம்பரில் தீர்ப்பானது. கூலிச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. பிள்ளைகளின் தாய்மொழி கைநழுவினால் எங்கே போய் வழக்காடுவது?

முன்பு வந்தவர்களைப் பாருங்கள். 1944, 45-இல் சோவியத் படைக்கு அஞ்சி, லாட்வியாவின் குர்ஸெமெ கடற்கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஏறி, சுவீடனின் கோட்லாந்து தீவில் கரையேறிய சில ஆயிரம் பேர். 1946 ஜனவரியில், ஜெர்மன் படையில் இருந்த 146 பால்டிக் வீரர்களை, பெரும்பாலோர் லாட்வியர், ட்ரெல்லெபோர்க் துறைமுகத்தில் சோவியத் கப்பலில் ஏற்றி அனுப்பியது சுவீடன். அடுத்தது நாம்தானோ என்று பலர் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சிய சிறு கூட்டம் சொந்தமாகப் பதிப்பகம் நடத்தியது! அங்கே இருந்துகொண்டு ஜின்டார்ஸ் ஸோடும்ஸ், ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலையே லாட்விய மொழியில் பெயர்த்தார். 1960-இல் அது சுவீடனிலேயே அச்சானது. ஊருக்குத் திரும்ப வழியில்லை என்ற நிலையில் அவர்கள் காட்டிய பிடிவாதம் அது.

இன்றைக்கு வருபவர்களுக்கு லாட்வியத் தலைநகர் ரீகா விமானத்தில் ஒரு மணி நேரச் சொச்சம். பாட்டி பக்கத்தில்தானே இருக்கிறாள், மொழி எங்கே போய்விடும் என்ற தைரியம். எனக்குப் பயமே அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான். ஜூன் 23 இரவு, லாட்வியரின் கோடைத் திருநாளான யானிக்கு ஓக் இலை வளையம் தலையில் சூடி, சீமைச் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியைக் கடித்தபடி நிற்கும் சிறுவன், கூட நிற்கும் தங்கையிடம் சுவீடிஷில் பேசினால், அந்தத் திருநாளில் அவன் பாதி விருந்தாளிதான்.

1977 முதல் சுவீடன் பள்ளிகளில் தாய்மொழி வகுப்பு உண்டு. ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் அதில் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் ஒரு நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்க வேண்டும், தகுந்த ஆசிரியரும் கிடைக்க வேண்டும். ஃபின்னிஷ், சாமி போன்ற தேசியச் சிறுபான்மை மொழிகளுக்கு இந்த எண்ணிக்கை விதி கிடையாது. லாட்விய மொழிக்கு உண்டு. வேலை கிடைத்த ஊரில் தனித்தனியாகக் குடியிருக்கும் குடும்பங்கள் ஐந்து பிள்ளைகளுக்கு எங்கே போகும்?

சுவீடனில் வாழப்போகிற பிள்ளைக்கு சுவீடிஷ் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் லாட்வியா அவர்களைத் திரும்ப அழைக்கிறதே! 1989-இல் 26 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று 19 லட்சத்துக்கும் கீழே. புலம்பெயர்ந்தோருக்கென்று 2019-இல் தனிச்சட்டமே நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து பள்ளிகளைப் படிப்படியாக முழு லாட்விய வழிக்கு மாற்றினார்கள். ரஷ்ய வழிப் பள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் அது. சுவீடனிலிருந்து திரும்பி ஏழாம் வகுப்பில் சேரும் லாட்வியக் குழந்தையும் அதே வகுப்பறையில்தான் உட்கார வேண்டும். வாரக் கடைசியில் பெற்றோர் ஓய்வு நேரத்தில் நடத்தும் வகுப்புகளை நம்பி மொழியை விட்டுவைக்கக் கூடாது. ஐந்து பேர் சேராத ஊர்களுக்கு, இணையம் வழியாகவாவது, சம்பளம் கொடுத்து ஆசிரியரை அமர்த்த வேண்டியது ரீகா அரசின் கடமை.